பொன்னின் மேல் ஒற்றை மூலக்கூறு அடுக்கு: பீலித் தண்ணீரைச் சோதிக்கும் உயிருணரிக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

மலையகத் தோட்டங்களில் பல லயங்களுக்கு (தொழிலாளர்களின் வரிசை வீடுகளுக்கு) இன்றும் பீலித் தண்ணீர்தான் குடிநீர். ஊற்றிலிருந்து குழாய் வழியாக இறங்கிவரும் பாதையில் மாட்டுத்தொழுவமும் மலசலகூடக் குழியும் குறுக்கிடலாம். அந்த நீரில் ஈ. கோலை பற்றீரியா இருக்கிறதா என்று வளர்ப்பூடகத்தில் சோதித்தால் விடை கிடைக்க 18 முதல் 24 மணி நேரமாகும். மாதிரியைக் கண்டிக்கோ நுவரெலியாவுக்கோ கொண்டுசேர்க்கும் நேரம் தனி. அதனால்தான் வேதியியல், உயிரியல் மாணவர்கள் பலர் இறுதியாண்டு ஆய்வுக்கு மின்வேதியியல் உயிருணரியைத் தேர்கிறார்கள்: பற்றீரியா மின்வாயின் மேல் பிடிபட்டதும் அங்கே மின்தடை உயர்வதை அளந்து சொல்லும் கருவி அது. பெரும்பாலும் தடுமாறுவதும் ஒரே இடத்தில்தான்: பொன் மின்வாயின் மேல் கரிம மூலக்கூறுகளை ஒற்றை அடுக்காகப் படியவைக்கும் இடம்.

கட்டுரைகளின் செய்முறைப் பகுதியில் இந்த வேலை இரண்டு வரியில் முடிந்துவிடும். "மின்வாய் சுத்தம் செய்யப்பட்டது, தயோல் கரைசலில் ஓர் இரவு வைக்கப்பட்டது." அந்த இரண்டு வரிக்குள் ஒளிந்திருப்பதைத்தான் இங்கே விரித்துச் சொல்கிறேன். அடுக்கு தானாகவே அடுக்கிக்கொள்ளும். அதில் நம் கெட்டிக்காரத்தனத்துக்குப் பெரிய வேலை இல்லை. நம் வேலை இரண்டுதான்: குறுக்கே நிற்கும் அழுக்கை அகற்றுவது, ஒவ்வொரு படியிலும் அளந்து பார்த்த பிறகே அடுத்த படிக்குப் போவது.

எதைக் கட்டுகிறோம்

ஒரு முனையில் கந்தக அணு, நடுவில் காபன் சங்கிலி, மறுமுனையில் நமக்குத் தேவையான தொகுதி. இதுதான் தயோல் மூலக்கூறு. கந்தகம் பொன்னைப் பிடித்துக்கொள்ளும். அந்தப் பிணைப்பின் வலிமை மோலுக்கு 40 முதல் 50 கிலோகலோரி அளவில் இருக்கும், கழுவினால் போகாது. சங்கிலிகள் ஒன்றையொன்று ஈர்த்து, செங்குத்திலிருந்து ஏறத்தாழ 30 பாகை சரிந்து, அரை நானோமீற்றர் இடைவெளியில் நெருங்கி நிற்கும். முழு அடுக்கின் தடிப்பு ஒன்றிலிருந்து மூன்று நானோமீற்றருக்குள் அடங்கிவிடும். நாம் பிடிக்க நினைக்கும் பற்றீரியாவோ ஒன்று இரண்டு மைக்ரோமீற்றர் நீளமானது, அடுக்கின் தடிப்பைப்போல் ஆயிரம் மடங்கு. 

பொன்னின் மேல் கந்தகச் சேர்மங்கள் இப்படி ஒழுங்காக அடுக்கிக்கொள்வதை 1983இல் நஸ்ஸோவும் அல்லாராவும் வெளியிட்டார்கள். ஒற்றை அடுக்குகளின் ஆய்வு அதைவிடப் பழையது. ஜெர்மனியில் பல்கலைக்கழக வாசலை மிதிக்காத ஆக்னஸ் பொக்கல்ஸ், வீட்டுச் சமையலறையில் தகரத் தொட்டி ஒன்றை வைத்து நீர்ப்பரப்பில் எண்ணெய்ப் படலங்களை அளந்தார். அதை விவரித்து அவர் எழுதிய கடிதத்தை ரேலி பிரபு 1891இல் நேச்சர் இதழுக்கு அனுப்பிவைத்தார். ஆய்வுகூடத்தில் கருவி இல்லை என்று சோர்ந்திருக்கும் நாட்களில் இவரைப் பற்றிப் படிக்கலாம்.

கண்ணாடியின் மேல் சைலேன் (சிலிக்கன் சேர்மம்) அடுக்கு பூசும் முறையும் உண்டு. முதல் முயற்சிக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். சைலேனுக்கு ஈரம் ஆகாது. சிறிது நீர் அதிகமானாலும் ஒற்றை அடுக்குக்குப் பதிலாகத் திட்டுத்திட்டான பல்பகுதியம் படிந்துவிடும். மூடுபனி ஜன்னல் வழியாக உள்ளே வரும் ஊரில் அந்தப் போராட்டம் வேண்டாம். தயோல் அந்த அளவுக்குக் கோபக்காரன் அல்ல.

பொன்னைத் தேர்வது

2 மில்லிமீற்றர் விட்டமுள்ள பொன் வட்டு மின்வாய் ஒன்று இருந்தால் போதும். தீட்டித் தீட்டிப் பல ஆண்டு பயன்படுத்தலாம். அச்சிட்ட பொன் மின்வாய்கள் வசதியானவை. ஆனால் அவற்றின் பரப்பு கரடுமுரடானது, தீட்டவும் முடியாது. கண்ணாடியில் பூசிய பொன்னில் குரோமியமோ டைட்டேனியமோ ஒட்டுப்படையாக இருக்கும். கடும் அமிலத்தில் நீண்ட நேரம் விட்டால் உரிந்துவிடும். நகைப் பொன்னைத் தட்டி மின்வாய் செய்யலாமா என்று யாராவது ஒருவர் கேட்காமல் இருப்பதில்லை. 22 கரட் பொன்னில் 8 வீதத்துக்கு மேல் செம்பும் வெள்ளியும் கலந்திருக்கும். தயோல் அவற்றையும் பிடிக்கும், அவை ஒட்சியேறி அளவீட்டையும் குழப்பும். நகை கழுத்திலோ அடகுக்கடையிலோ இருக்கட்டும்.

சுத்தம்

பாதி நேரத்தை இங்கே செலவிடுங்கள். புதிதாகச் சுத்தம் செய்த பொன்னின் மேல் நீர்த்துளி பரவி நிற்கும். அறைக்காற்றில் சில நிமிடங்கள் விட்டால் அதே பரப்பில் துளி திரளத் தொடங்கும், ஏனென்றால் காற்றிலுள்ள ஐதரோகாபன்கள் அதற்குள் படிந்திருக்கும். விறகுப் புகையும் டீசல் புகையும் உள்ளே வரும் அறை என்றால் இன்னும் விரைவாகப் படியும். ஆகவே சுத்தம் முடிந்த கணத்துக்கும் தயோலில் இறக்கும் கணத்துக்கும் இடையில் தேநீர் குடிக்கப் போகக் கூடாது. தயோல் கரைசலை முதலிலேயே தயாரித்துப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

வட்டு மின்வாயை அலுமினாத் தூளும் நீரும் குழைத்த கலவையில், மென்துணியின் மேல் எட்டு வடிவில் தேயுங்கள். முதலில் 1 மைக்ரோமீற்றர் தூள், பிறகு 0.3, கடைசியாக 0.05. ஒவ்வொரு தூளுக்கும் தனித் துணி வேண்டும். இரண்டு மூன்று நிமிடம் தேய்த்தபின் அயனகற்றிய நீரில் கழுவி, எதனோலிலும் நீரிலும் சில நிமிடங்கள் மீயொலிக் குளியல் கொடுங்கள். அலுமினாத் துகள் ஒட்டியிருந்தால் கண்ணுக்குத் தெரியாது. பின்னர் அளவீட்டில்தான் தெரியும்.

அடுத்தது மின்வேதியியல் சுத்தம். 0.5 மோலார் சல்பூரிக் அமிலம் தேவை: செறிந்த அமிலம் ஏறத்தாழ 28 மில்லிலீற்றரை மெதுவாக நீரில் சேர்த்து ஒரு லீற்றராக்குங்கள். அமிலத்தைத்தான் நீரில் சேர்க்க வேண்டும், எந்நாளும் மறுதலையாக அல்ல. வெள்ளி–வெள்ளிக் குளோரைட்டு ஒப்பீட்டு மின்வாய்க்கு எதிராக −0.2 இலிருந்து +1.5 வோல்ற் வரை சுழற்சி வோல்டாமெட்ரியை, அதாவது மின்னழுத்தத்தை ஏற்றி இறக்கி மின்னோட்டத்தை அளக்கும் முறையை, ஓட்டுங்கள். முதல் சில சுற்றுகள் ஒன்றுக்கொன்று மாறும். வளைகோடு ஒன்றன்மேல் ஒன்று சரியாகப் பொருந்தும் வரை, பொதுவாக 20 முதல் 40 சுற்று, விடுங்கள். ஏறும்போது 1.1 வோல்ற்றுக்கு மேல் பொன் ஒட்சைட்டு உருவாகும்; இறங்கும்போது 0.9 வோல்ற் அளவில் ஒரே ஒரு கூரிய தாழ்த்தல் உச்சி தெரிய வேண்டும். உச்சி மழுங்கியிருந்தால் மீண்டும் அலுமினாவுக்கே திரும்புங்கள்.

ஒப்பீட்டு மின்வாயிலிருந்து குளோரைட்டு கசிந்தால், உயர் மின்னழுத்தத்தில் பொன் மெல்லக் கரையத் தொடங்கும். உப்புப் பாலமோ இரட்டைச் சந்தியுள்ள ஒப்பீட்டு மின்வாயோ பயன்படுத்துங்கள். காரணமே தெரியாமல் நாளுக்கு நாள் வளைகோடு மாறுகிறது என்று மாணவர்கள் சொல்லும்போது நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

அந்தத் தாழ்த்தல் உச்சியின் பரப்பு மின்வாயின் உண்மைப் பரப்பையும் தரும். ஒரு சதுர சென்ரிமீற்றர் பொன்னுக்கு 390 மைக்ரோகூலோம் என்பது ஏற்கப்பட்ட அளவு. 2 மில்லிமீற்றர் வட்டின் வடிவியற் பரப்பு 0.0314 சதுர சென்ரிமீற்றர். நீங்கள் அளந்தது 24.5 மைக்ரோகூலோம் என்றால் உண்மைப் பரப்பு 0.063; கரடுத்தன்மைக் காரணி 2. இந்த எண்ணைக் குறிப்பேட்டில் எழுதாமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள். மூன்று மின்வாய்கள் மூன்று விதமாக நடந்துகொண்டால் அதற்கான விளக்கம் பெரும்பாலும் இங்கேதான் இருக்கும்.

பழைய கட்டுரைகளில் பிரானா கரைசல் வரும்: மூன்று பங்கு செறிந்த சல்பூரிக் அமிலம், ஒரு பங்கு 30 வீத ஐதரசன் பேரொட்சைட்டு. கரிமக் கரைப்பான் சிறிது பட்டாலும் வெடிக்கும்; மூடிய போத்தலில் வைத்தாலும் வெடிக்கும். இளங்கலை ஆய்வுக்கு அது தேவையே இல்லை என்பது என் உறுதியான கருத்து. பூசிய பொன்னுக்குப் புறஊதா–ஓசோன் கருவியில் 10 முதல் 15 நிமிடமும், உருவான ஒட்சைட்டைத் தாழ்த்த எதனோலில் 20 நிமிடமும் போதும்.

கரைசல்

இரண்டு தயோல்கள் வேண்டும். ஒன்று 11-மெர்கப்டோஅன்டெக்கனோயிக் அமிலம்: நீண்ட சங்கிலி, நுனியில் காபொட்சிலிக் தொகுதி. பற்றீரியாவைப் பிடிக்கும் புரதமான பிறபொருளெதிரி இணைவது இதன் மேல்தான். மற்றது 6-மெர்கப்டோஹெக்ஸனோல்: குட்டைச் சங்கிலி, நுனியில் ஐதரொட்சில் தொகுதி. இது இடைவெளியை நிரப்பும். புரதங்கள் பொன்னின் மேல் கண்டபடி ஒட்டுவதையும் குறைக்கும்.

முழுவதும் அமிலத் தயோலையே போட்டால் அதிகப் பிறபொருளெதிரி ஏறும், உணர்திறன் கூடும் என்று தோன்றும். நடப்பது வேறு. தேயிலைச் செடிகளை இடைவெளி விடாமல் நட்ட மலையில் கொழுந்து பறிப்பவர் நிரைக்குள் நுழையவே முடியாது. பிறபொருளெதிரிகள் நெருக்கியடித்து நிற்கும் பரப்பிலும் அப்படித்தான். பிடிக்கும் கைகள் ஒன்றையொன்று மறைத்துவிடும், பற்றீரியாவின் மேற்பரப்புக்கு அவை எட்டாது. ஒன்றுக்கு ஒன்பது என்ற விகிதத்தில் தொடங்குங்கள்.

இரண்டிலும் 10 மில்லிமோலார் இருப்புக் கரைசல் தயாரியுங்கள். அமிலத் தயோல் 21.8 மில்லிகிராமை 10 மில்லிலீற்றர் தூய எதனோலில் கரையுங்கள். மெர்கப்டோஹெக்ஸனோல் திரவம், 13.7 மைக்ரோலீற்றரை 10 மில்லிலீற்றர் எதனோலில் சேருங்கள். பிறகு முதலாவதில் 0.1, இரண்டாவதில் 0.9, எதனோல் 9 மில்லிலீற்றர் கலந்தால் மொத்தச் செறிவு 1 மில்லிமோலார் ஆகும். கரைசலில் உள்ள விகிதமே பரப்பிலும் வரும் என்று எழுதிவிடாதீர்கள். எதனோலில் நீண்ட சங்கிலிக்குப் பரப்பில் சற்று முன்னுரிமை கிடைக்கும். அமிலத் தயோல்களுக்கு இன்னொரு குணமும் உண்டு: நுனிகள் ஐதரசன் பிணைப்பால் கைகோத்து இரண்டாம் அடுக்கு ஒன்றை மேலே ஏற்றிவிடும். கரைசலில் 2 வீதம் அசெற்றிக் அமிலம் சேர்த்தால் அது குறையும்.

எல்லாவற்றையும் புகையறைக்குள் செய்யுங்கள். தயோலின் நாற்றம் உடைக்குப் பாதகமில்லை, நட்புக்குப் பாதகம். பழைய இருப்புக் கரைசலை நம்பாதீர்கள். காற்றுப் பட்டால் தயோல்கள் இரண்டிரண்டாக இணைந்து டைசல்பைட்டு ஆகிவிடும்.

ஊறவைத்தல்

சுத்தமான மின்வாயை எதனோலில் ஒருமுறை கழுவி, கரைசலில் இறக்கி, மூடி, இருளில் வையுங்கள். முதல் சில நிமிடங்களிலேயே பரப்பின் பெரும்பகுதி நிரம்பிவிடும். மீதி நேரம் சங்கிலிகள் நிமிர்ந்து ஒழுங்காவதற்கானது. குறைந்தது 12, முடிந்தால் 18 மணி நேரம் கொடுங்கள். அறைவெப்பநிலை என்று கட்டுரை சொல்வது பொதுவாக 20 முதல் 25 பாகை செல்சியஸை. கண்டியில் கவலை இல்லை. 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் தை மாத இரவில் சூடேற்றாத அறை அதைவிட எவ்வளவோ கீழே போகும். ஒழுங்காகும் வேகமும் குறையும். 25 பாகையில் வைத்த அடைகாப்பான் இருந்தால் அதற்குள் வையுங்கள், இல்லாவிட்டால் 24 மணி நேரம் விடுங்கள். எதுவாயினும் எல்லா மின்வாய்களுக்கும் ஒரே வெப்பநிலை, ஒரே நேரம் என்பதே முக்கியம்.

இந்தப் படிக்கு மின்சாரம் வேண்டாம் என்பது ஒரு நன்மை. 2022இல் மணிக்கணக்கில் மின்வெட்டு இருந்த காலத்திலும் போத்தலுக்குள் அடுக்கு தன்பாட்டில் அடுக்கியிருக்கும். உறைவிப்பானிலுள்ள பிறபொருளெதிரியைப் பற்றித்தான் கவலைப்பட வேண்டும்.

எடுத்தபின் எதனோலில் நன்றாகக் கழுவி, நீரில் அலசி, நைதரசன் வாயுவால் உலர்த்துங்கள். காற்றிலுள்ள ஓசோனும் ஒளியும் கந்தகத்தை ஒட்சியேற்றிப் பிணைப்பைக் கெடுக்கும். அன்றைக்கே பயன்படுத்துவதுதான் நல்லது.

அளந்து பார்த்தல்

5 மில்லிமோலார் பெரிசயனைட்டு–பெரோசயனைட்டுக் கலவை, 0.1 மோலார் பொற்றாசியம் குளோரைட்டு. இதில் −0.1 இலிருந்து +0.5 வோல்ற் வரை ஓட்டுங்கள். வெற்றுப் பொன்னில் இரண்டு உச்சிகள், இடைவெளி 60 முதல் 90 மில்லிவோல்ற். அடுக்கு ஏறியபின் உச்சிகள் தாழ்ந்து விலகும் அல்லது மறைந்தே போகும். எதுவும் மாறவில்லை என்றால் அடுக்கு இல்லை. அதற்கு மேல் புரதத்தை ஊற்றிப் பணத்தை வீணாக்க வேண்டாம். இந்தக் கலவையில் மின்வாயை மணிக்கணக்கில் விடவும் கூடாது. மெல்ல விடுபடும் சயனைட்டு பொன்னை அரிக்கும்.

பிறகு இம்பீடன்ஸ், அதாவது மாறுமின்னோட்டத்துக்கு மின்வாய் காட்டும் தடை: 100 கிலோஹேர்ட்ஸிலிருந்து 0.1 ஹேர்ட்ஸ் வரை, வீச்சு 10 மில்லிவோல்ற். வரைபில் வரும் அரைவட்டத்தின் விட்டமே மின்னேற்ற மாற்றத் தடை, அதாவது இலத்திரன் அடுக்கைக் கடப்பது எவ்வளவு கடினம் என்பதன் அளவு. இனி ஒவ்வொரு படிக்குப் பிறகும் இதே அளவீட்டைச் செய்வோம்.

அடுக்கு எவ்வளவு நிறைந்திருக்கிறது என்பதற்கு எண் வேண்டுமானால், ஒரு மின்வாயைத் தியாகம் செய்யுங்கள். காற்றை வெளியேற்றிய 0.5 மோலார் பொற்றாசியம் ஐதரொட்சைட்டில் −0.2 இலிருந்து −1.3 வோல்ற் வரை இறக்கினால் தயோல் உரிந்து வெளியேறும்போது ஓர் உச்சி வரும். உண்மைப் பரப்பின் ஒரு சதுர சென்ரிமீற்றருக்கு ஏறத்தாழ 75 மைக்ரோகூலோம் என்றால் அடுக்கு நிறைவானது. 40 என்றால் பாதி வெறுமை. சுத்தம் செய்த பகுதியில் எழுதிவைத்த உண்மைப் பரப்பு இங்கே கைகொடுக்கும்.

கருவி எதுவும் கிடைக்காத நாளில் கைத்தொலைபேசிக் கமராவே உதவும். பூசிய பொன்னின் மேல் ஒரு சிறு நீர்த்துளியை வைத்துப் பக்கவாட்டில் படம் எடுத்துக் கோணத்தை அளக்கலாம். நம் கலவை அடுக்கில் துளி தாழ்ந்து பரவும். 90 பாகைக்கு அருகில் திரண்டு நின்றால் சங்கிலிகள் தாறுமாறாகக் கிடக்கின்றன, அல்லது அழுக்கு முந்திக்கொண்டது.

பிறபொருளெதிரியை இணைத்தல்

காபொட்சிலிக் நுனியைத் தூண்ட இ.டி.சி., என்.எச்.எஸ். என்ற இரண்டு பொருள்கள். இ.டி.சி. ஈரத்தை உறிஞ்சும், உறைவிப்பானிலிருந்து எடுத்த போத்தலை உடனே திறந்தால் மலையகக் காற்றின் ஈரம் தூளின் மேல் பனித்துவிடும். அறை வெப்பநிலைக்கு வரும் வரை அரை மணி நேரம் மூடியே வையுங்கள். சிறு சிறு பங்காகப் பிரித்து வைப்பது இன்னும் நல்லது. பி.எச். 5.5 உள்ள எம்.ஈ.எஸ். தாங்கற் கரைசல் ஒரு மில்லிலீற்றரில் இ.டி.சி. 38 மில்லிகிராமும் என்.எச்.எஸ். 5.8 மில்லிகிராமும் கரைத்து, உடனடியாக மின்வாயின் மேல் 20 நிமிடம் விடுங்கள். இந்தக் கரைசலை நாளைக்கு என்று வைக்க முடியாது.

விரைவாகக் கழுவி, பி.எச். 7.4 உள்ள பொசுபேற்றுத் தாங்கற் கரைசலில் மில்லிலீற்றருக்கு 50 முதல் 100 மைக்ரோகிராம் பிறபொருளெதிரியை இட்டு ஒரு மணி நேரம் வையுங்கள். உலர விடாதீர்கள், ஈரத்துணி வைத்த மூடிய பெட்டி போதும். பிறபொருளெதிரி வந்த குப்பியின் சீட்டைக் கட்டாயம் படியுங்கள். அதில் டிரிஸ், கிளைசீன், நிலைப்படுத்தும் அல்புமின் என்று ஏதாவது இருந்தால் அவற்றின் அமைன் தொகுதிகளும் அதே நுனிக்குப் போட்டியிடும். முதலில் அவற்றை வடித்து அகற்ற வேண்டும்.

மிஞ்சிய தூண்டிய நுனிகளை 1 மோலார் எதனோலமைன், பி.எச். 8.5, பத்து நிமிடத்தில் மூடிவிடுங்கள். அதன்பின் 1 வீத மாட்டுச் சீர அல்புமின் அரை மணி நேரம்.

தடை அளவீடு இங்கே ஒரு சுவையான கதை சொல்லும். அமில அடுக்கு எதிர்மின்னேற்றம் உள்ளது. பெரிசயனைட்டு, பெரோசயனைட்டு அயன்களைத் தள்ளிவிடும், தடை உயர்ந்திருக்கும். தூண்டியதும் மின்னேற்றம் நடுநிலையாகித் தடை இறங்கும். புரதம் ஏறியதும் மீண்டும் உயரும். இந்த இறக்கமும் ஏற்றமும் தெரியாமல் தடை தொடர்ந்து உயர்ந்துகொண்டே போனால், புரதம் பிணையாமல் வெறுமனே ஒட்டிக்கிடக்கிறது என்று சந்தேகப்படுங்கள்.

தண்ணீருக்கு முன்

நேராகப் பீலித் தண்ணீருக்குப் போகாதீர்கள். முதலில் தெரிந்த செறிவில், மில்லிலீற்றருக்கு ஆயிரத்திலிருந்து ஒரு கோடி வரை, பத்து மடங்கு படிகளில் பற்றீரியாத் தொங்கலைத் தயாரித்து அளவுத்திருத்தம் செய்யுங்கள். ஒவ்வொரு செறிவுக்கும் குறைந்தது மூன்று மின்வாய்கள். பாதுகாப்பானது என்று பலர் ஈ. கோலையின் கே-12 என்ற ஆய்வுகூட வகையை எடுப்பார்கள். ஆனால் அதற்கு ஓ எதிரியாக்கி (மேற்பரப்பிலுள்ள சர்க்கரைச் சங்கிலி) கிடையாது. உங்கள் பிறபொருளெதிரி அந்த எதிரியாக்கியைப் பிடிப்பது என்றால் உணரி ஊமையாகவே இருக்கும், நீங்கள் அடுக்கைக் குறை சொல்லிக்கொண்டிருப்பீர்கள். சீட்டோடு ஒப்பிட்டே வகையைத் தேருங்கள்.

கட்டுப்பாட்டுச் சோதனைகள் இல்லாத அளவுத்திருத்தத்துக்கு மதிப்பில்லை. பிறபொருளெதிரி இல்லாத அடுக்கில் அதே பற்றீரியா, முழு அடுக்கில் வேறொரு பற்றீரியா, முழு அடுக்கில் வெறும் தாங்கற் கரைசல். இம்மூன்றிலும் தடை மாறாமல் நிற்க வேண்டும்.

வளர்ப்பூடகச் சோதனையும் பக்கத்தில் நடக்கட்டும். நுவரெலியாவில் ஊடகத்தைக் கிருமியழிக்கும்போது ஒரு விடயம்: அமுக்கமானி காட்டுவது வெளியமுக்கத்துக்கு மேலான அமுக்கத்தை. அங்கே வெளியமுக்கமே குறைவு என்பதால் சதுர அங்குலத்துக்கு 15 இறாத்தலில் 121 பாகை வராது, ஏறத்தாழ 118தான் வரும். வெப்பநிலையைப் பார்த்து நேரத்தையோ அமுக்கத்தையோ கூட்டுங்கள்.

இனி உண்மையான நீர். குடிநீரில் 100 மில்லிலீற்றருக்கு ஒரு ஈ. கோலை கூட இருக்கக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். உங்கள் உணரிக்கு மில்லிலீற்றருக்கு ஆயிரம் வேண்டும். இந்த இடைவெளியை அடுக்கின் வேதியியல் எதுவும் தாண்டாது. 2 மில்லிமீற்றர் வட்டின் மேல் விழும் துளியில் அந்த ஒற்றைப் பற்றீரியா இருப்பதற்கு வாய்ப்பே இல்லை. 0.45 மைக்ரோமீற்றர் வடிகட்டியில் 100 மில்லிலீற்றரை வடித்து, பிடிபட்டதைச் சில மணி நேரம் ஊட்டக் கரைசலில் வளர்த்து, பிறகு மின்வாய்க்குக் கொண்டுவாருங்கள். விடை சில நிமிடங்களில் வராது. ஆனால் ஒரு வேலைநாளுக்குள் வரும். ஆய்வறிக்கையில் அதை அப்படியே எழுதுங்கள். உயிருள்ளதையும் இறந்ததையும் இந்த உணரி பிரித்தறியாது என்பதையும் சேர்த்தே எழுதுங்கள்; குளோரின் இட்ட நீரில் அது பெரிய வேறுபாடு.

மழைநாள் மாதிரியில் களிமண்ணும் தாவர அமிலங்களும் கலந்திருக்கும். இரண்டும் தடையை உயர்த்தும். ஆகவே ஒவ்வொரு மாதிரிக்கும் பிறபொருளெதிரி இல்லாத இரட்டை மின்வாய் ஒன்றை அருகில் வைத்து, இரண்டின் வித்தியாசத்தை மட்டுமே கணக்கில் எடுங்கள்.

கழிவு

தயோல் கழிவுக்குத் தனிப் போத்தல், இறுக்கமான மூடி. பெரிசயனைட்டு–பெரோசயனைட்டுக் கலவையை அமிலக் கழிவோடு ஒருபோதும் சேர்க்காதீர்கள். செறிந்த அமிலம் பட்டால் ஐதரசன் சயனைட்டு வாயு வெளியேறலாம். பற்றீரியா பட்ட எல்லாவற்றையும் கிருமியழித்த பிறகே வெளியேற்றுங்கள். எதையும் கழுவுதொட்டியில் ஊற்ற வேண்டாம். பேராதனையில் மகாவலி பல்கலைக்கழக வளாகத்துக்குள்ளேயே ஓடுகிறது.